வந்தனாவின் கடைவாய்ப் பல்

என் மனைவி வந்தனாவுக்குக் கீழ்வரிசையில், இடது பக்கத்தில், ஒரு கடைவாய்ப் பல் இல்லை. சிரித்தால் தெரியாது. கொட்டாவி விட்டால்தான் தெரியும். முப்பத்திரண்டு வயதில் தானாக விழுகிற பல் இல்லை அது. நான்தான் பிடுங்கினேன் என்று சொன்னால் எழுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு பிடுங்கிய டாக்டர் கோபித்துக்கொள்வார். ஆனாலும் நான்தான் பிடுங்கினேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது எவ்வளவு கேவலம் என்பது உங்களுக்குப் புரியாது.

வந்தனா மும்பையில், மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். என்னைப் போலவே பாலக்காட்டுப் பூர்வீகம். இருவருமே பாலக்காட்டைக் கல்யாணப் பத்திரிகையிலும் கோடை விடுமுறையிலும் மட்டும் பார்த்தவர்கள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், இந்தியில் சண்டை போடுவாள், கணக்கை மனதுக்குள்ளேயே போடுவாள். வி.டி. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் அக்கவுன்ட்ஸ் பார்த்தாள். என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். என் அம்மாவுக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.

கல்யாணமாகிச் செம்பூரில் ஒரு அறையும் சமையலறையுமாக வாடகைக்கு எடுத்தோம். சாதனா பிறந்தாள். லீவு முடிந்து வந்தனா வேலைக்குத் திரும்பியபோது குழந்தையைக் காப்பகத்தில் விட்டோம். அவள் சம்பளத்தில் பாதிக்கு மேல் காப்பகத்துக்கே போனது. மீதியில் பாதி டாக்டருக்குப் போனது, ஏனென்றால் சாதனா வாரம் தவறாமல் ஏதாவது ஒரு ஜுரத்தை அங்கிருந்து வாங்கிக்கொண்டு வந்தாள். கடைசியில் வந்தனா வேலையை விட்டாள். ராஜினாமாக் கடிதத்தை அனுப்பிவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் இருந்தாள். எனக்குக் கேட்டது. என்ன என்று நான் போய்க் கேட்கவில்லை.

அன்றிலிருந்து என் ஒரு சம்பளம்தான். பல்லார்ட் எஸ்டேட்டில் கப்பல் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் பார்க்கிற ஒரு ஏஜென்சியில் எனக்குக் குமாஸ்தா வேலை. பிடித்தமெல்லாம் போகக் கைக்கு நாற்பத்தாறாயிரம் வரும். அதில் பத்தொன்பதாயிரம் முதல் தேதியே வீட்டுக்காரருக்குப் போய்விடும். மீதியில் மூன்று பேர் மாதத்தை ஓட்ட வேண்டும், குழந்தையின் பள்ளிக்கூட அட்மிஷனுக்கும் எடுத்துவைக்க வேண்டும்.

வந்தனா ஓட்டினாள். எப்படி ஓட்டினாள் என்பதைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ரூபாயில் கணக்குப் பார்ப்பார்கள், இவள் நாளில் பார்ப்பாள். எங்கள் வீட்டில் சிலிண்டரிலிருந்து ஷாம்பு பாட்டில் வரை எல்லாவற்றுக்கும் ஜாதகம் உண்டு. வாங்கிய தேதியை ஸ்கெட்ச் பேனாவால் அடியில் எழுதிவிடுவாள். சிலிண்டர் முப்பத்தெட்டு நாள் வரும் என்றால், அடுத்ததை நாற்பது நாள் வர வைப்பது அவளுடைய லட்சியம். பருப்பை முன்னாலேயே ஊறவைப்பாள், பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைத்து மூடி வைப்பாள். நாற்பதாவது நாள் சிலிண்டர் இன்னும் எரிந்தால் அன்று முழுக்கப் பாட்டுதான். ராத்திரி எட்டரை மணிக்கு மேல் ஸ்டேஷன் பக்கத்துக் காய்கறிக்காரர்கள் மிச்சத்தைக் குவியல் குவியலாக மலிவு விலைக்குத் தள்ளிவிடும் நேரம் அவளுக்கு அத்துப்படி. இத்தனைக்கும் என் டிபன் டப்பாவில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. "ஒரே சம்பளம்தான், ஆனால் வீட்டில் ஒரு குறையும் தெரியாது" என்று ஆபீஸில் நான் பீற்றிக்கொள்வேன். எதனால் தெரியவில்லை என்று யோசித்ததில்லை.

வேலையை விட்ட வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குழந்தை தூங்கும்போது எதிரெதிரே உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டோம். ஆளுக்கு மூன்று செலவை விட வேண்டும். அவள் ப்யூட்டி பார்லரையும், மாட்டுங்காவில் நடந்த பாட்டு கிளாஸையும், புது ஃபோன் வாங்கும் ஆசையையும் விட்டாள். நான் ஞாயிற்றுக்கிழமைக் கிரிக்கெட்டையும், சனிக்கிழமை நண்பர்களோடு தோசை சாப்பிடப் போவதையும், ரயிலில் முதல் வகுப்பு பாஸையும் விட்டேன். முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் மாதம் ஐந்நூற்று நாற்பது ரூபாய் வித்தியாசம். பாஸை விடுவதாக நான் சொன்னபோது வந்தனா என் கையைப் பிடித்துக்கொண்டு, "முடியுமா உன்னால?" என்று கேட்டாள். ஹார்பர் லைனில் ஆறு வருஷம் லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில், போய் வந்தவள் அவள். காலை எட்டரை மணிக்குப் பன்வேலிலிருந்து நிரம்பி வருகிற வண்டியில் செம்பூரில் ஏறுவது என்றால் என்ன என்று தெரிந்துதான் கேட்டாள்.

ஒன்பது நாள் முடிந்தது என்னால். பொய் சொல்லவில்லை, ஒன்பது நாள் நிஜமாகவே இரண்டாம் வகுப்பில் போனேன். அப்படியே இருந்திருக்கலாம்.

பத்தாவது நாள், சட்டையில் இரண்டு பொத்தான் பறிபோன கடுப்பில் வி.டி.யில் இறங்கினால், முதல் வகுப்பிலிருந்து என் பழைய ரயில் கோஷ்டி இறங்கி வருகிறது. மும்பையில் ரயில் கோஷ்டி என்பது தனி ஜாதி. வருஷக்கணக்காக அதே வண்டி, அதே டப்பா, அதே ஜன்னலோரம். செம்பூருக்கு முன்னாலேயே சான்பாடாவில் ஏறுகிற சாவந்த் மற்றவர்களுக்கு இடம் பிடித்து வைப்பார். உட்கார்ந்து வந்தவர்கள் குர்லா வந்ததும் எழுந்து, நின்று வந்தவர்களுக்கு இடம் கொடுப்பார்கள். செம்பூரில் என்னோடு ஏறுகிற பஞ்சு மாமா ஒரு பேங்கில் ரிட்டயர்மென்டுக்குக் காத்திருப்பவர். அவர் என் சட்டையைப் பார்த்தார்.

"என்னடா நகுல், எங்கே போயிட்டே? உன் எடத்துல எவனோ உக்காந்துண்டு வரான்."

அவ்வளவுதான் சொன்னார். அன்று சாயங்காலமே கவுன்டரில் நின்று முதல் வகுப்பு பாஸ் எடுத்தேன். மொபைலில் எடுத்தால் வந்தனா கண்ணில் படும் என்று காகிதத்தில் எடுத்து, ஆபீஸ் அடையாள அட்டைக்குப் பின்னால் சொருகிக்கொண்டேன். ஆபீஸில் வேலை நேரத்துக்கு மேல் இருந்தால் டீ, டிபனுக்கென்று கையில் ரொக்கமாக ஏதோ கொடுப்பார்கள். அது வந்தனாவுக்குத் தெரியாது. பாஸுக்கு அது சரியாக இருந்தது. திருடனுக்கு எல்லாம் தோதாகத்தான் அமையும்.

அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுப் படி ஏறினேன். கதவைத் திறந்த வந்தனா பொத்தான் போன சட்டையைப் பார்த்து, "ஐயோ பாவம்டா நீ" என்றாள். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள். எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. பயத்தினால் என்று நினைக்காதீர்கள். அந்தப் 'பாவம்' எனக்கு நன்றாக இருந்தது. முதல் வகுப்பின் மெத்தை சீட்டும் வேண்டும், இரண்டாம் வகுப்பில் நசுங்கி வருகிறவனுக்குக் கிடைக்கிற உபசாரமும் வேண்டும் என்று இரண்டையும் வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையைத் தினமும் செய்தேன். படி ஏறுவதற்கு முன்னால் சட்டையைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டுக்கொள்வேன். தலையைக் கலைத்துக்கொள்வேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. "இன்னிக்குக் கூட்டமா?" என்று அவள் கேட்பாள். "கேக்காதே" என்பேன். குழந்தைக்குத் தடுப்பூசியா, "நீ நசுங்கிண்டு வரே, நான் பாத்துக்கறேன்" என்று சாதனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவாள். ஞாயிற்றுக்கிழமை நான் ஒன்பது மணி வரைக்கும் தூங்க வேண்டும் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விடுவாள். நான் விழித்துக்கொண்டுதான் படுத்திருப்பேன்.

பதினாலு மாதம் இப்படிப் போனது.

ஜூலையில் நல்ல மழை. வந்தனாவுக்குப் பல்வலி வந்தது. கிராம்பை வைத்து ஒரு வாரம் தள்ளினாள். அதையும் எத்தனை நாள் தள்ளலாம் என்று கணக்குப் பார்த்திருப்பாள். முகம் ஒரு பக்கம் வீங்கியதும் குழந்தையோடு டாக்டரிடம் போனாள். அங்கிருந்து எனக்கு ஆபீஸுக்கு ஃபோன் செய்தாள்.

"ரூட் கனால் பண்ணிக் கேப் போட்டா பல்லு நிக்குமாம். ஏழாயிரத்து ஐந்நூறு ஆகும். இல்லேன்னா எழுநூறு ரூபாய்க்குப் புடுங்கிடலாம்னு சொல்றார்."

"பல்லைக் காப்பாத்திக்கோயேன்" என்றேன்.

"அட்மிஷன் பணத்துல கை வெக்கச் சொல்றியா? நீ செகண்ட் கிளாஸ்ல தொங்கிண்டு மாசம் ஐந்நூறு மிச்சம் பண்றே. அதை நான் ஒரு பல்லுல போட்டா நன்னா இருக்குமா? கடைவாய்ப் பல்தானே, யார் பாக்கப் போறா."

மேஜையில் கால்குலேட்டர் இருந்தது. விரல் தானாகப் போய் ஐந்நூற்று நாற்பதைப் பதினாலால் பெருக்கியது. ஏழாயிரத்து ஐந்நூற்று அறுபது. பல்லுக்கு வேண்டியது போக அறுபது ரூபாய் மீதி இருந்தது.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். ஃபோனில் சாதனா டாக்டரின் நாற்காலியை ஏற்றி இறக்கச் சொல்லி அடம்பிடிக்கிற சத்தம் கேட்டது. வந்தனா காத்திருந்தாள்.

"சரி, உனக்கு எது தோணறதோ அதைப் பண்ணு" என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கன்னத்துக்குள் பஞ்சை அடக்கிக்கொண்டு எனக்கு ரசம் சாதம் பிசைந்து வைத்திருந்தாள். பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கையால் சைகை காட்டிக் கூட்டமா என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். அந்த ரசம் சாதத்தை எப்படி விழுங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் விழுங்கிவிட்டேன். இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டேன்.

பாஸ் ஆகஸ்ட் கடைசியில் முடிகிறது, அதோடு நிறுத்திவிடுவது என்று அன்று சத்தியம் செய்தேன். ஆகஸ்ட் கடைசி வந்தது. கோஷ்டியில் தசரா பூஜைக்கு வசூல் ஆரம்பித்திருந்தார்கள். பூஜை வரைக்கும் இருப்போம் என்று இன்னொரு மூன்று மாதத்துக்கு எடுத்தேன். வெட்கம் கெட்டவனுக்கு எதுவும் ஒரு சாக்குத்தான்.

மும்பை ரயிலில் தசராவுக்கு முந்தின நாள் பூஜை நடப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அந்தந்தக் கோஷ்டி அந்தந்த டப்பாவுக்கு மாவிலையும் செவ்வந்தியும் கட்டி, தேவி படம் வைத்து, ஓடுகிற வண்டியிலேயே ஆரத்தி பாடி இனிப்புக் கொடுப்பார்கள். முதல் வகுப்பிலும் உண்டு, இரண்டாம் வகுப்பிலும் உண்டு. இந்த வருஷம் ஆரத்தித் தட்டை என் கையில் கொடுத்தார்கள். சாவந்த் என் கழுத்தில் ஒரு செவ்வந்தி மாலையைப் போட்டு ஜன்னலோரத்தில் உட்கார வைத்துப் படம் எடுத்தார். நானும் பல்லைக் காட்டினேன். படங்கள் கோஷ்டியின் வாட்ஸப்பில் வந்து விழுந்தன. இரண்டு வகுப்பிலும் பூஜை உண்டு என்பதால் பிரசாதத்தை வீட்டுக்கே கொண்டுபோகலாம், சந்தேகம் வராது என்று நான் பேடா டப்பாவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அவ்வளவு கெட்டிக்காரன் நான்.

ஆனால் ரயில்காரர்களின் தசராவும் நம் வீட்டுப் பெண்களின் நவராத்திரியும் ஒரே வாரத்தில் வருகின்றன என்பதை நான் யோசிக்கவில்லை. ரயில் சிநேகிதம் ரயிலோடு போகும் என்று இருந்துவிட்டேன். கொலுவுக்குக் கூப்பிடுவதற்குப் பெண்களுக்குச் சிநேகிதம்கூட வேண்டாம், ஒரே தெருவில் குங்குமம் வைத்துக்கொண்டு நடந்தால் போதும். பஞ்சு மாமாவின் மனைவி ஷ்யாமளா மாமி, கோயிலில் பார்த்த பழக்கத்தில், அன்று சாயங்காலம் வந்தனாவை வெற்றிலை பாக்குக்குக் கூப்பிட்டிருந்தார்.

நான் ஏழரை மணிக்கு வந்தேன். வழக்கம்போலப் படிக்கு முன்னால் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். வந்தனா கொலுவுக்கு உடுத்திய பட்டுப்புடவையிலேயே இருந்தாள். சரஸ்வதி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. நான் பேடா டப்பாவை நீட்டினேன்.

"எங்க டப்பால பூஜை. பிரசாதம்."

வாங்கிப் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

"உக்கார எடம் கெடைச்சுதா இன்னிக்கு?"

"எங்கே? வடாலா வரைக்கும் ஒத்தக் கால்லதான். பூஜைன்னு கூட்டம் வேற ஜாஸ்தி."

சரி என்பதுபோலத் தலையாட்டினாள். சாதனாவுக்கு ஒரு பேடாவைக் கையில் கொடுத்து உட்கார வைத்தாள். பிறகு தன் பழைய ஃபோனை எடுத்து என் முன்னால் பிடித்தாள்.

"ஷ்யாமளா மாமி காமிச்சா. 'உன் ஆம்படையான் மாலையும் கழுத்துமா எவ்வளவு லட்சணமா இருக்கான் பாரு'ன்னா. எனக்கும் அனுப்பச் சொல்லி வாங்கிண்டேன்."

படத்தில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் நீல மெத்தை. ஆறு வருஷம் அந்த லைனில் போனவளுக்கு அது எந்த வகுப்பு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை நாளாக என்பதையும் மாமியே சொல்லியிருப்பார். பஞ்சு மாமா பக்கத்தில் தினமும் உட்காருகிறவன் நான்தான் என்பது மாமிக்குப் பெருமையான விஷயம்.

நான் பேச ஆரம்பித்தேன். ஒன்பது நாள் முயற்சி செய்தது, பொத்தான், ஆபீஸ் ரொக்கம், வீட்டுச் சம்பளத்தில் ஒரு பைசா தொடாதது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை. அதனால் நான் இன்னும் உளறினேன்.

"அந்தப் பல்லைத் திரும்பக் கட்டிக்கலாம், வந்தனா. இப்போ இம்ப்ளான்ட்னு இருக்கு. நான் ஓவர்டைம் பண்ணி எப்படியாவது..."

"பல்லு போனா போறது" என்றாள். "அதை நான்தான் புடுங்கச் சொன்னேன். அதுக்கு உன்னைக் கேக்கலை."

குரல் உயரவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ வந்திருந்தார்கள், அவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ.

"ஜனவரில என் பழைய ஆபீஸ்லேந்து கூப்பிட்டா. ஆத்துலேந்தே பண்ணலாம், தினம் நாலு மணி நேரம், பதினஞ்சாயிரம் தரோம்னா. உன்கிட்ட சொல்லலை."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ எடுத்துக்கோன்னு சொல்லுவே. சாயங்காலம் நாலு மணி நேரம் சாதனாவை நீ பாத்துக்க வேண்டியிருக்கும். தினம் அந்தக் கோலத்துல ஆத்துக்குள்ள வரே. இவன்கிட்ட இன்னும் ஒரு வேலையைக் குடுக்கறதான்னு இருந்தது. ரெண்டு நாள் யோசிச்சேன். மூணாம் நாள் காத்தால நீ அசந்து தூங்கறதைப் பாத்துட்டு ஃபோன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டேன்."

பதினாலு மாதத்தைப் பெருக்கத் தெரிந்த எனக்கு, ஜனவரியிலிருந்து எண்ணக் கை வரவில்லை.

"இப்போ கேட்டா?" என்றேன்.

"அப்போவே வேற பொண்ணை எடுத்துண்டுட்டா. போன மாசம் விசாரிச்சேன்."

சாதனா பேடாவைத் தின்று முடித்துக் கையை நீட்டினாள். வந்தனா அவளுக்கு முகம் துடைத்துவிட்டாள், கையைத் துடைத்தாள், சிந்திய துணுக்குகளை விரலால் ஒற்றி எடுத்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"அந்த வேலையை வேண்டாம்னு சொல்லுன்னு யாரும் சொல்லலை, நகுல். உன்னைப் பாத்துத்தான் சொன்னேன்."